வண்டிக்கு எல்இடி பல்பு: எதை முதலில் மாற்றலாம், எதைக் கடைசியில்?

ராயக்கோட்டையிலிருந்து கிருஷ்ணகிரிக்கு விடியற்காலை நாலரை மணிக்கு வண்டி ஓட்டியிருக்கிறீர்களா? எதிரே வருகிறவர்களில் பாதிப் பேர் தக்காளி மார்க்கெட்டுக்குப் போகிறவர்கள். டிவிஎஸ் எக்ஸெல் மொபெட்டின் பின்னால் நாலைந்து பெட்டிகளைக் கயிறு போட்டு இறுக்கிக் கட்டிக்கொண்டு, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வருவார்கள். அது ஒரு மார்கழி மாதம். நல்ல பனி. அதற்கு முந்தின வாரம்தான் எங்கள் பழைய காரின் ஹெட்லைட்டுக்கு எல்இடி பல்பு போட்டிருந்தேன். ரோடு பட்டப்பகல் மாதிரி தெரிந்தது. எதிரே வந்த எக்ஸெல் ஒன்று திடீரென்று வேகம் குறைந்து, தாரை விட்டு மண்ணில் இறங்கி நின்றது. ஓட்டி வந்த பெரியவர் ஒரு கையால் கண்ணை மறைத்துக்கொண்டிருந்தார். நான் வண்டியை ஓரம் கட்டிவிட்டு இறங்கிப் போனேன்.

"கொஞ்சம் டிம் பண்ணக் கூடாதுங்களா?"

"டிம்லதாங்க ஐயா இருக்கு."

அவர் என் காரை ஒரு முறை பார்த்தார். நம்பவில்லை. "எனக்கு ரோடே தெரியலீங்க. பள்ளமா மேடான்னு தெரியாமத்தான் இறக்கிட்டேன்" என்றார்.

சரிந்திருந்த பெட்டிகளை இரண்டு பேருமாகத் திரும்பக் கட்டினோம். அவருக்கு அடி எதுவும் இல்லை. ஆனால் அந்த இடத்தில் ஒரு பள்ளமோ சின்னப் பாலமோ இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று வீடு வந்து சேரும் வரை நினைத்துக்கொண்டே வந்தேன். நான் டிம்மில்தான் ஓட்டினேன். பல்பு புதிது. மாட்டியவரும் வேலை தெரிந்தவர். அப்படியும் எதிரே வருகிறவர் கண்ணில் ஏன் அடித்தது? இந்த ஒரு கேள்விக்கு விடை தெரிந்துவிட்டால், வண்டியில் எல்இடி மாற்றுவது பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியதில் முக்கால்வாசி தெரிந்த மாதிரிதான்.

விடை பழைய பல்புக்குள்ளேயே இருக்கிறது. கார்களில் அதிகம் இருப்பது ஹெச்4 என்ற ஹாலஜன் பல்பு. டிம்முக்கு 55 வாட், பிரைட்டுக்கு 60 வாட். அதைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். பிடிக்கும்போது உலோகப் பகுதியை மட்டும் பிடியுங்கள். கண்ணாடியில் விரல் பட்டால் கையின் எண்ணெய்ப் பசை ஒட்டிக்கொள்ளும், எரியும்போது அந்த இடம் மட்டும் அதிகமாகச் சூடேறிப் பல்பு சீக்கிரம் போய்விடும். உள்ளே மெல்லிய டங்ஸ்டன் கம்பியைச் சுருட்டிய இரண்டு சுருள்கள் தெரியும். ஒவ்வொன்றும் அரை சென்டிமீட்டர் நீளம்தான் இருக்கும். நுனிப் பக்கம் இருப்பது டிம் இழை. அடிப்பக்கம் இருப்பது பிரைட் இழை. டிம் இழைக்குக் கீழே மட்டும், பாலாடைச் சங்கின் வாய் மாதிரி, ஒரு குட்டி உலோகக் கிண்ணம் இருக்கும். பலர் அதைக் கவனித்திருக்க மாட்டார்கள். நானும் அந்த விடியற்காலைக்குப் பிறகுதான் கவனித்தேன்.

எதிரே வருகிறவரின் கண்ணைக் காப்பாற்றுவது அந்தக் கிண்ணம்தான். டிம் இழை எரியும்போது கீழ்நோக்கிப் போகிற ஒளியை அது தடுத்துவிடுகிறது. மேல்நோக்கிப் போகிற ஒளி மட்டும், பல்பைச் சுற்றிப் பளபளவென்று கிண்ணம் மாதிரி வளைந்திருக்கிற ரிஃப்ளெக்டரின் மேல்பாதியில் பட்டு, அங்கிருந்து ரோட்டைப் பார்த்துக் கீழே சாய்கிறது. கீழ்ப்பாதியில் ஒளி பட்டிருந்தால் அது மேலே கிளம்பி நேராக எதிராளியின் முகத்துக்குப் போயிருக்கும். கிண்ணத்தின் ஒரு விளிம்பு கொஞ்சம் சாய்வாகவும் இருக்கும். நாம் இடப்பக்கமாக ஓட்டுகிறவர்கள். அதனால் ஒளி இடப்பக்கம் மட்டும் சற்று மேலேறி, ஓரமாக நடந்து போகிறவரைக் காட்டும். எதிர் வண்டி வருகிற வலப்பக்கத்தில் தாழ்ந்தே இருக்கும். பிரைட் போட்டால் அடியில் இருக்கிற இழை எரியும். அதற்குக் கிண்ணம் கிடையாது. ரிஃப்ளெக்டர் முழுவதும் ஒளி பட்டுத் தூரமாக வீசும்.

ஆக ஹெட்லைட் என்பது பல்பும் ரிஃப்ளெக்டரும் சேர்ந்த ஒரே கருவி. ரிஃப்ளெக்டர் இருக்கிற கூட்டை நம் மெக்கானிக்குகள் 'டூம்' என்கிறார்களே, அதன் ஒவ்வொரு வளைவும் அந்த அரை சென்டிமீட்டர் இழை எந்த இடத்தில் உட்காரும் என்று கணக்குப் போட்டு வளைத்தது. இழை ஓரிரு மில்லிமீட்டர் தள்ளிப்போனாலும் ஒளி போகிற இடம் மாறிவிடும். ஒருவர் கண்ணுக்காக அரைத்த மூக்குக்கண்ணாடியை இன்னொருவர் எடுத்துப் போட்டுக்கொள்வது போலத்தான் இது. கண்ணாடியில் குறை இல்லை, கண்ணிலும் குறை இல்லை, ஆனால் பார்வை சரியாக இருக்காது.

இப்போது எல்இடி பல்பைக் கையில் எடுங்கள். இதில் இழை கிடையாது. ஒரு சப்பையான தண்டின் இரண்டு பக்கமும் மஞ்சள் நிறச் சில்லுகள் ஒட்டியிருக்கும். மின்சாரம் பாய்ந்தால் அந்தக் குறைக்கடத்திச் சில்லே நேரடியாக ஒளிவிடும். கம்பியைப் பழுக்கக் காய்ச்சுகிற வேலை இல்லை. ஹாலஜன் இழை சுற்றிலும் எல்லாத் திசைக்கும் ஒளி கொடுக்கும். சில்லு தன் முகம் பார்த்திருக்கிற பக்கம் மட்டும்தான் கொடுக்கும். தண்டு தடிமனாக இருந்தால் இரண்டு பக்கச் சில்லுகளுக்கும் நடுவே இடைவெளி விழும். ரிஃப்ளெக்டருக்கு அது ஒரு இழையாகத் தெரியாது, தள்ளித் தள்ளி இருக்கிற இரண்டு விளக்குகளாகத் தெரியும். விலை குறைந்த பல்புகளில் கிண்ணம் பேருக்கு ஒரு தகடாக இருக்கும், சிலவற்றில் அதுவும் இருக்காது. நான் போட்டிருந்த பல்பில் சில்லுகள் பழைய இழையை விடக் கிட்டத்தட்ட மூன்று மில்லிமீட்டர் முன்னால் இருந்தன. இரண்டு பல்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஸ்கேல் பிடித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அந்த மூன்று மில்லிமீட்டர்தான் பெரியவரை மண்ணில் இறக்கியது.

அட்டைப்பெட்டியில் எழுதியிருக்கிற எண்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் புதிதாக வாங்குகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான். '200 வாட், 20,000 லூமென்' என்று பெரிதாக அச்சடித்திருப்பார்கள். லூமென் என்பது பல்பிலிருந்து வெளியே வருகிற மொத்த ஒளியின் அளவு. சர்வதேசத் தரப்படி ஹெச்4 ஹாலஜன் பல்பு டிம்மில் சுமார் 1,000 லூமெனும் பிரைட்டில் சுமார் 1,650 லூமெனும் தர வேண்டும். அவ்வளவுதான். அதை வைத்துத்தான் இத்தனை வருடமாகத் தொப்பூர் கணவாயை இரவில் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறோம். அப்படியென்றால் 20,000 லூமென் என்பது எத்தனை மடங்கு? ஒரு பல்பு உண்மையிலேயே 200 வாட் இழுத்தால், 12 வோல்ட்டால் வகுத்துப் பாருங்கள், 16 ஆம்பியருக்கு மேல் வரும். ஹெட்லைட்டுக்கு இருக்கிற ஃபியூஸ் பெரும்பாலும் 10 அல்லது 15 ஆம்பியர். அவ்வளவை ஃபியூஸ் ரொம்ப நேரம் தாங்காது, போயிருக்க வேண்டும். போகவில்லை என்றால் பல்பு அவ்வளவு இழுக்கவில்லை என்று அர்த்தம். நான் மல்டிமீட்டர் வைத்து அளந்தபோது என் பல்பு இழுத்தது 2 ஆம்பியர்தான், அதாவது ஏறக்குறைய 25 வாட். ஒரு ஹெச்4 எல்இடிக்கு அது நியாயமான அளவுதான். அட்டையில் இருந்த எண்தான் பொய். வாங்கும்போது லூமெனைப் பார்த்து மயங்காமல், சில்லுகள் எங்கே உட்கார்ந்திருக்கின்றன, தண்டு எவ்வளவு மெல்லியது என்று பாருங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? முன்விளக்கின் ஒளி கீழே சாய்ந்து, எதிரே வருகிறவர் கண்ணைக் கூசாதபடி இருக்க வேண்டும் என்கிறது மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இன் 106-ஆவது விதி. வண்டியில் செய்கிற மாற்றங்களை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு கட்டுப்படுத்துகிறது. 2019-இல் கொண்டுவந்த திருத்தத்தில், அனுமதி இல்லாத மாற்றத்துக்கு வண்டியின் உரிமையாளருக்கு ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று 182ஏ பிரிவில் இருக்கிறது. ஹாலஜனுக்காகச் செய்த டூமில் எல்இடி போட்டு, அது எதிராளியின் கண்ணில் அடித்தால், பிடித்து நிறுத்துகிற அதிகாரியிடம் வாதாட நம்மிடம் ஒன்றும் இருக்காது. கம்பெனியிலேயே எல்இடி ஹெட்லைட்டோடு வருகிற வண்டிகள் வேறு கதை. அங்கே டூமும் லென்ஸும் அந்தச் சில்லுக்காகவே செய்தவை, சோதனை முடித்து வந்தவை. ஜெர்மனியில் 2020-இல்தான் ஹாலஜன் இடத்தில் போடுகிற ஒரு எல்இடி பல்புக்கு முதல்முறையாக ரோட்டு அனுமதி கொடுத்தார்கள். அதுவும் எந்தெந்த மாடலுக்குப் பொருந்தும் என்று பட்டியல் போட்டுத்தான். பல்பு மட்டும் நன்றாக இருந்தால் போதாது, அது எந்த டூமில் உட்காருகிறது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்று அவர்களும் முடிவு செய்திருக்கிறார்கள்.

அப்படியானால் எல்இடியே வேண்டாமா? அப்படி இல்லை. எனக்கு எல்இடி பிடிக்கும். எங்கள் காரில் இன்றைக்கும் எட்டு இடத்தில் எல்இடிதான் எரிகிறது. புதிதாக ஆரம்பிக்கிறவர் உள்ளேயிருந்து வெளியே வர வேண்டும் என்பதுதான் நான் சொல்வது. முதலில் காருக்குள் கூரையில் எரிகிற விளக்கு, டிக்கி விளக்கு, நம்பர் பிளேட் விளக்கு. இவை யார் கண்ணிலும் அடிக்காதவை. மறந்துபோய் இரவெல்லாம் எரிய விட்டாலும் பேட்டரி அவ்வளவு சீக்கிரம் இறங்காது. பார்க்கிங் லைட்டிலும் நம்பர் பிளேட்டிலும் பெரும்பாலும் இருப்பது டி10 என்ற, பித்தளை அடி இல்லாத 5 வாட் கண்ணாடிப் பல்பு. கையால் இழுத்தால் வந்துவிடும். எல்இடியை அதே இடத்தில் அழுத்தினால் போதும். எரியவில்லை என்றால் பல்பு கெட்டுவிட்டது என்று கடைக்கு ஓடாதீர்கள். எல்இடிக்கு பிளஸ், மைனஸ் உண்டு. உருவி, திருப்பிச் சொருகினால் எரியும்.

அடுத்தது பிரேக் லைட். இதில் கொஞ்சம் நிதானம் வேண்டும். பல வண்டிகளில் ஒரே பல்புக்குள் 5 வாட், 21 வாட் என்று இரண்டு இழை இருக்கும். ஹெட்லைட் போட்டால் சின்னது எரியும், பிரேக் பிடித்தால் பெரியது எரியும். இரண்டுக்கும் நடுவே இருக்கிற அந்தப் பெரிய வெளிச்ச வித்தியாசத்தை வைத்துத்தான் பின்னால் வருகிற லாரிக்காரர் நாம் பிரேக் பிடித்தது தெரிந்து காலை எடுக்கிறார். மலிவான எல்இடியில் இந்த வித்தியாசம் மங்கிப்போயிருக்கும். எப்போதும் பளிச்சென்று எரியும், பிரேக் பிடித்தால் லேசாகக் கூடும். தொப்பூர் இறக்கத்தில் பாரம் ஏற்றிய டாரஸ் லாரி பின்னால் வரும்போது இந்த விஷயத்தில் சமரசமே கூடாது. மாற்றியதும் ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு, பகல் வெயிலில் முப்பது அடி பின்னால் நின்று பாருங்கள். அப்புறம் பக்கவாட்டிலும் போய் நின்று பாருங்கள். நுனியில் மட்டும் சில்லு இருக்கிற பல்பு நேராகப் பார்த்தால் பிரகாசமாகவும் பக்கத்திலிருந்து பார்த்தால் செத்தும் இருக்கும். சுற்றிலும் சில்லு இருக்கிறதாகப் பார்த்து வாங்க வேண்டும்.

நிறமும் முக்கியம். சிவப்பு லென்ஸுக்குப் பின்னால் வெள்ளை எல்இடி போட்டால் சிவப்பு வெளிறி, ரோஸ் நிறமாகத் தெரியும். காரணம் சுவாரசியமானது. சிவப்பு எல்இடி 1962-லேயே வந்துவிட்டது. வெள்ளைக்கு உலகம் முப்பது வருடம் காத்திருந்தது, ஏனென்றால் நன்றாக எரிகிற நீல எல்இடியை யாராலும் செய்ய முடியவில்லை. ஜப்பானில் இசாமு அகசாகி, ஹிரோஷி அமானோ, ஷுஜி நாகமுரா மூன்று பேரும் அதைச் செய்து காட்டினார்கள். அதற்குத்தான் 2014-இல் இயற்பியல் நோபல் பரிசு. இன்று நாம் வெள்ளை என்று வாங்குகிற எல்இடி உண்மையில் மஞ்சள் பூச்சு பூசிய நீலச் சில்லு. நீலமும் மஞ்சளும் கலந்து கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிகிறது. அந்த ஒளியில் சிவப்பின் பங்கு குறைவு. ஹாலஜனில் சிவப்பு ஏராளம், அதனால் லென்ஸ் வடிகட்டினாலும் நிறைய மிஞ்சும். ஆகவே சிவப்பு லென்ஸுக்குச் சிவப்பு எல்இடி, இண்டிகேட்டருக்கு ஆரஞ்சு எல்இடி என்று கேட்டு வாங்குங்கள்.

இண்டிகேட்டரில் இன்னொரு வேடிக்கை நடக்கும். எல்இடி போட்டதும் 'டிக் டிக்' என்று அடித்துக்கொண்டிருந்தது 'டிக்டிக்டிக்டிக்' என்று பறக்கும். பழைய 21 வாட் பல்பு ஏறக்குறைய 1.75 ஆம்பியர் இழுக்கும். எல்இடி அதில் கால்வாசிகூட இழுக்காது. இண்டிகேட்டரை விட்டு விட்டு எரிய வைக்கிற ஃப்ளாஷர் அதைப் பார்த்து, ஒரு பல்பு போய்விட்டது போல என்று நினைத்து நமக்கு எச்சரிக்கை கொடுக்கிறது. அவ்வளவுதான். சிலர் பல்போடு ஒரு ரெசிஸ்டரைச் சேர்த்து, வண்டியை ஏமாற்றி வேகத்தைக் குறைப்பார்கள். அந்த ரெசிஸ்டர் கை வைக்க முடியாத அளவுக்குச் சூடாகும். பிளாஸ்டிக் பக்கம் கட்டினால் உருகிவிடும். எல்இடிக்கென்றே வருகிற எலக்ட்ரானிக் ஃப்ளாஷரை மாற்றிவிடுவதுதான் சுத்தமான வேலை. ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடையில் கேட்டால் கிடைக்கும்.

டூவீலர் வைத்திருப்பவர்கள் ஹெட்லைட்டைத் தொடும் முன் ஒரு சோதனை செய்துவிடுங்கள். வண்டியை ஸ்டார்ட் செய்து, லைட்டைப் போட்டு, ஆக்ஸிலரேட்டரை முறுக்குங்கள். முறுக்க முறுக்க வெளிச்சம் கூடி, விட்டால் மங்கினால், உங்கள் ஹெட்லைட்டுக்குக் கரண்ட் பேட்டரியிலிருந்து வரவில்லை. என்ஜினில் சுற்றுகிற காயிலிலிருந்து ஏசியாக நேரே வருகிறது. பழைய 100 சிசி பைக்குகளும் மொபெட்டுகளும் நிறைய அப்படித்தான். அதில் சாதாரண எல்இடி போட்டால் மினுக்கும், சில நாளில் உயிரை விடும். வயரிங்கை டிசிக்கு மாற்றினால்தான் நிலைக்கும். அதைச் செய்யும்போது காயிலும் சார்ஜரும் தாங்குமா என்று பார்க்கிற ஆளிடம் கொடுக்க வேண்டும். 2017 ஏப்ரல் 1 முதல் வந்த டூவீலர்களில் என்ஜின் ஓடினாலே ஹெட்லைட் எரியும், அணைக்க ஸ்விட்ச் கிடையாது. பகலெல்லாம் எரிகிற விளக்கு என்பதால் கண்ணில் அடிக்கிற பல்பை அதில் போட்டால் பகலிலும் எதிராளிக்குத் தொல்லை.

சரி, ஹெட்லைட்டுக்கு வருவோம். எல்இடி கேட்டு வருகிற பத்துப் பேரில் பாதிப் பேருக்குத் தேவைப்படுவது எல்இடி இல்லை என்று எங்கள் ஊர் எலக்ட்ரீஷியன் ஒருவர் சொல்வார். "ண்ணா, பல்பை விடுங்க, மொதல்ல வோல்ட் பாருங்க" என்பதுதான் அவர் முதல் வார்த்தை. என் காரை எடுத்துக்கொண்டு போனபோது அதைத்தான் செய்தார். என்ஜின் ஓடும்போது பேட்டரியில் 13.8 வோல்ட். ஹெட்லைட் பல்பில் சொருகுகிற கப்ளரில் லைட் எரியும்போது 12.2 வோல்ட்தான். நடுவில் ஒன்றரை வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே கரைந்துபோகிறது. பழைய மெல்லிய வயர், தேய்ந்த ஸ்விட்ச், துருப் பிடித்த எர்த். ஹாலஜனுக்கு வோல்ட் பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சம் பத்து சதவீதம் குறையாது, ஏறக்குறைய முப்பது சதவீதம் குறைந்துவிடும். இழையின் சூடு தணிந்தால் ஒளி அவ்வளவு வேகமாக விழும். நான் 'பழைய பல்பு வெளிச்சமே இல்லை' என்று எல்இடிக்குப் போனதற்குக் காரணம் இதுதான். அவர் எர்த் போல்ட்டைக் கழற்றி உப்புத்தாளால் தேய்த்தார். ரிலே என்கிற, மின்சாரத்தால் இயங்கும் ஸ்விட்ச் வைத்து பேட்டரியிலிருந்து நேராகத் தடித்த வயர் இழுத்தார், நடுவில் ஃபியூஸ் போட்டார். கப்ளரில் இப்போது 13.4. பிறகு மஞ்சள் பூத்துப்போயிருந்த டூம் கண்ணாடியைத் தண்ணீர் விட்டு நைசான உப்புத்தாளால் தேய்த்து, பாலிஷ் போட்டார். புதிதாக ஒரு ஜோடி 60/55 ஹாலஜன் மாட்டினார். வாட்டைக் கூட்டி 100/90 போடுகிறவர்களும் உண்டு. அதைச் செய்யாதீர்கள், ஹோல்டரும் டூமும் உருகும். அன்று இரவு ஓட்டியபோது எல்இடியை ஏன் வாங்கினோம் என்றே தோன்றிவிட்டது.

இதெல்லாம் செய்த பிறகும் எல்இடிதான் வேண்டும் என்கிறவர்கள் இருப்பார்கள். அவர்கள் மாட்டியதும் ஒரு சோதனை மட்டும் கட்டாயம் செய்ய வேண்டும். அதற்கு ஒரு சுவரும் சமமான தரையும் போதும். ஹாலஜன் இருக்கும்போதே ஆரம்பியுங்கள். டயரில் காற்று சரியாக இருக்கட்டும், டிரைவர் சீட்டில் ஒருவர் உட்காரட்டும், ஹெட்லைட் ஏற்ற இறக்கத் திருகு இருந்தால் பூஜ்யத்தில் வையுங்கள். சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி வண்டியை நேராக நிறுத்துங்கள். தரையிலிருந்து பல்பின் மையம் எவ்வளவு உயரம் என்று அளந்து, அதே உயரத்தில் சுவரில் ஒரு கோடு. அதற்கு 10 சென்டிமீட்டர் கீழே இன்னொரு கோடு. டிம் போட்டால் வெளிச்சத்தின் மேல் விளிம்பு கீழ்க்கோட்டை ஒட்டி, கத்தியால் வெட்டியது போல இருக்க வேண்டும். இடப்பக்கம் மட்டும் சற்று ஏறலாம். ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். இப்போது எல்இடியை மாட்டி, வண்டியை நகர்த்தாமல் அதே இடத்திலிருந்து இன்னொரு போட்டோ.

என் எல்இடியை அந்தச் சுவரில் பார்த்தபோது அதிர்ச்சியாகத்தான் இருந்தது. கோடு எங்கே என்றே தெரியவில்லை. மேலே காம்பவுண்டுக்கு அப்பால் இருக்கிற மாமரம் வரைக்கும் வெளிச்சம். வண்டிக்கு முன்னால் பத்தடி தூரம் வெள்ளை வெளேரென்று இருந்தது, நடு ரோட்டில் தூரமாகப் போக வேண்டிய குவியலைக் காணோம். உள்ளேயிருந்து ஓட்டும்போது 'பகல் மாதிரி' என்று தோன்றியது அந்தப் பத்தடி வெள்ளைதான். பக்கத்தில் அவ்வளவு பிரகாசம் இருந்தால் கண்பாவை சுருங்கிவிடும், தூரத்தில் இருக்கிறது இன்னும் இருட்டாகிவிடும். ஒகேனக்கல் காட்டு வழியிலோ அஞ்செட்டி பக்கமோ போகும்போது யானை நிற்பது தெரிய வேண்டியது நூறு மீட்டருக்கு அப்பால். நமக்குத் தேவையான இடத்தில் குறைத்து, எதிராளி கண்ணில் கூட்டுகிற விளக்கை வைத்துக்கொண்டுதான் நான் ஒரு வாரம் ஓட்டியிருக்கிறேன்.

சுவரில் கோடு கலைந்திருந்தால் பல்பின் வளையத்தைத் திருப்பிப் பாருங்கள். சில்லுகள் இடமும் வலமும் பார்த்திருக்க வேண்டும், மேலும் கீழும் இல்லை. சில பல்புகளில் ஒரு குட்டி அலென் திருகைத் தளர்த்தினால் வளையம் சுற்றும். அப்படியும் விளிம்பு வரவில்லை என்றால் அந்தப் பல்பு அந்த டூமுக்கு ஆகாது. டூமைக் கீழே சாய்த்துச் சமாளிக்கலாம் என்பார்கள். சாய்த்தால் நமக்கும் தூரம் தெரியாது, சிதறுகிற ஒளியும் நிற்காது. கழற்றிவிடுவதுதான் வழி.

பின்னால் இருக்கிற ரப்பர் மூடியையும் கவனியுங்கள். எல்இடி முன்னால் சூடாகாது, பின்னால் சூடாகும். அதற்காகத்தான் வாலில் அலுமினியச் சிறகும் குட்டி ஃபேனும் வைத்திருக்கிறார்கள். அந்த வால் மூடிக்குள் அடங்காது என்று மூடியை வெட்டிவிடுவார்கள். வெட்டினால் மழைத்தண்ணீர் உள்ளே போய் ரிஃப்ளெக்டர் பூச்சு கறுக்கும். பர்கூர் பக்கம் கிரானைட் லாரிகள் போகிற ரோட்டில் ஓடுகிற வண்டியென்றால் கல்தூள் ஃபேனில் ஏறி, ஃபேன் நின்று, சில்லு மங்கத் தொடங்கும். மூடி முழுசாக மூடுகிற மாதிரி வால் குட்டையான பல்பு கிடைத்தால்தான் மாட்டுங்கள்.

பனி பற்றியும் ஒன்று. ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் மார்கழி, தையில் காலையில் வெள்ளைச் சுவர் மாதிரி இறங்கும். கடையில் கிடைக்கிற எல்இடிகள் பெரும்பாலும் 6,000 கெல்வினுக்கு மேல் (கெல்வின் என்பது இங்கே ஒளியின் நிறத்தைச் சொல்கிற அளவு), அதாவது நீலம் கலந்த வெள்ளை. ஹாலஜன் 3,200 கெல்வின் அளவில் மஞ்சளாக இருக்கும். மேலே சிதறுகிற ஒளி பனியில் பட்டு நம் கண்ணுக்கே திரும்பி வரும், நீலம் கலந்திருந்தால் கூச்சம் இன்னும் அதிகம். பனியில் டிம்மும், தாழ்வாக மாட்டிய ஃபாக் லைட்டும்தான் உதவும்.

கழற்றிய ஹாலஜன் பல்புகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். எல்இடி போகும்போது சொல்லிக்கொண்டு போகாது, இரவு நடு ரோட்டில் மினுக்கி நின்றுவிடும், அந்த நேரத்தில் அதே பல்பைத் தேடினால் கிடைக்காது. பழைய ஜோடியை டிஷ்யூ பேப்பரில் சுற்றி, டேஷ்போர்டு பெட்டியில் வையுங்கள். கூடவே ஒரு 15 ஆம்பியர் ஃபியூஸும் ஒரு சின்ன டார்ச்சும். மாட்டத் தெரியாதவர்கள் பகலில் வீட்டு வாசலில் ஒரு முறை கழற்றி மாட்டிப் பழகிக்கொள்ளுங்கள். கப்ளரை இழுக்க வேண்டும், ரப்பர் மூடியை உரிக்க வேண்டும், கம்பி கிளிப்பை அழுத்தி விலக்க வேண்டும், பல்பின் மூன்று காதுகளும் பள்ளத்தில் உட்கார வேண்டும். இரண்டாவது முறை ஐந்து நிமிடம்கூட ஆகாது.